டைட்டில்ல பேரு தெரியணும், பாஸ்!

கல்ச்சுரல்ஸ் சீசன் நெருங்கிடுச்சு. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு குறும்படம், கிளப்புக்கு ஒரு புரோமோ, ஃபேர்வெல்லுக்கு ஒரு வீடியோன்னு ஹாஸ்டல்ல எல்லா லேப்டாப்பும் ரெண்டர் போட்டுச் சூடாகிக் கிடக்கிற நேரம். அதனால இப்பவே ஒரு விஷயத்தைச் சொல்லி வெச்சிடறேன். உங்க படத்தோட கதை, நடிப்பு, மியூசிக் எதைப் பத்தியும் இங்க பேசப் போறதில்லை. முதல் நாற்பது செகண்ட் மட்டும்தான் நம்ம பிரச்சினை. டைட்டில்.

என் கட்சி ரொம்ப சிம்பிள். டைட்டில் அனிமேஷன்ல கம்போசிட்டிங், கலர் கிரேடிங் ரெண்டுமே வேலை செஞ்சவங்க பேரு தெரியறதுக்காக இருக்கு. ஸ்டைலு, 'சினிமாட்டிக் லுக்கு' எல்லாம் அதுக்கு அப்புறம் வரிசையில நிக்கட்டும்.

நம்ம காலேஜ்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். யாரோ ஒருத்தர் நெட்ல இருந்து ஒரு டெம்ப்ளேட் இறக்குவார். கறுப்புப் புகை, நீல நியான் எழுத்து, நாலு பக்கமும் தீப்பொறி. அதுக்கு மேல மொத்தமா ஒரு லட் போட்டு, நிழலை எல்லாம் நசுக்கி, பச்சை-நீலமும் ஆரஞ்சும் ஏத்தி எக்ஸ்போர்ட். லேப்டாப்ல பாத்தா கெத்தா இருக்கும். செமினார் ஹால் புரொஜெக்டர்ல போட்டதும் பாதிப் பேரு காணாமப் போயிடும். டைரக்டர் பேரு மட்டும் மூணு செகண்ட் பெருசா நிக்கும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தெர்மாகோல் ஷீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஃபர்ஸ்ட் இயர் பையன் பேரு, புகைக்குள்ள அரை செகண்ட் மின்னிட்டுப் போகும். அந்த வீடியோவை அவன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்புவான். அவங்க அம்மா அதை நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க. நிறுத்தினாலும் தெரியாது. ஏன்னா அங்க எழுத்தே இல்லை, வெறும் ஒளிவட்டம்தான் இருக்கு.

"டைட்டிலை யாருங்க படிக்கிறா, நெட்ஃபிளிக்ஸ்லயே 2017ல இருந்து ஸ்கிப் பட்டன் வெச்சுட்டாங்களே" அப்படிம்பீங்க. சரிதான். ஆனா ஆடிட்டோரியத்துல ஸ்கிப் பட்டன் கிடையாது. அங்க உக்காந்திருக்கிற முந்நூறு பேருக்கும் அந்தப் பையனை அறிமுகப்படுத்தற ஒரே வாய்ப்பு அந்த அரை செகண்டுதான்.

இந்தக் கலர் சமாச்சாரம் எல்லாம் சென்னை, மும்பைக்காரங்க விவகாரம்னு நினைக்காதீங்க. மேட்டூர்ல இருந்து பஸ் ஏறினா சுமார் 50 கிலோமீட்டர் சேலம். அங்க ஏற்காடு ரோட்டுல ஒரு பழைய வளைவு நிக்குதே, பாத்திருப்பீங்க. அதுதான் டி.ஆர்.சுந்தரம் 1935ல ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸோட மிச்சம். நூத்துக்கும் மேல படம் எடுத்த ஸ்டுடியோ. மலையாளத்தோட முதல் பேசும்படம் 'பாலன்' 1938ல இங்கதான் உருவாச்சு. தமிழோட முதல் முழுநீள வண்ணப்படம், எம்.ஜி.ஆர், பானுமதி நடிச்ச 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956 பொங்கலுக்கு வந்தது. அதை எடுத்ததும் இவங்கதான். கேவாகலர் ஃபிலிம், சுந்தரமே டைரக்டர். அதாவது தமிழ் சினிமாவுக்கு முழுசா கலர் வந்தது நம்ம மாவட்டத்து வழியா. இதை நம்ம விஷுவல் கிளப் ஆளுங்க எத்தனை பேருக்குத் தெரியும்னு ஒரு குவிஸ் வெச்சுப் பாருங்களேன்.

அந்தக் காலத்துல டைட்டிலை எப்படிச் சேத்தாங்கன்னு தெரிஞ்சா, இன்னைக்கு நாம பண்ற தப்பு புரியும். டைட்டில் எழுதறதுக்குன்னே தனி ஆர்ட்டிஸ்ட் இருந்தார். அட்டையிலயோ கண்ணாடியிலயோ பிரஷ்ஷால எழுதுவார். அதைத் தனியாப் படம் பிடிச்சு, பின்னணிக் காட்சியையும் எழுத்தையும் ஆப்டிகல் பிரிண்டர்ங்கிற மெஷின்ல வெச்சு, ஒரு புது ஃபிலிம்ல மறுபடியும் பதிவாக்கணும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தா என்ன ஆகும்? அதேதான் இங்கயும். ஒரு தலைமுறை இறங்கும். கிரெய்ன் கூடும், கான்ட்ராஸ்ட் ஏறும், கலர் கொஞ்சம் சாயும்.

இதை நீங்களே பாக்கலாம். அறுபது எழுபதுகள்ல வந்த ஏதாவது ஒரு தமிழ் வண்ணப்படத்தை யூடியூப்ல போடுங்க. காட்சிக்கு மேல டைட்டில் ஓடற மாதிரி இருக்கணும். கடைசியில 'டைரக்‌ஷன்' கார்டு மறையற வரைக்கும் படம் சொரசொரன்னு மங்கலா இருக்கும். கார்டு போய் அடுத்த ஷாட் வந்ததும், கண்ணாடியைத் துடைச்ச மாதிரி பளிச்சுன்னு ஆகும். எழுத்தைச் சேத்த ஒரே காரணத்துக்காக பின்னணியோட நிறம் கெட்டுப் போனது அது. அந்த மாற்றம் கண்ணை உறுத்தாம இருக்க, லேப்ல கிரேடிங் பண்றவர் சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் 1லிருந்து 50 வரைக்கும் உள்ள பிரிண்டர் லைட் எண்களை ஏத்தி இறக்கி, முடிஞ்சவரை ஒப்பேத்துவார். கம்போசிட்டிங் ஒரு வேலை, கிரேடிங் வேற வேலைன்னு நாம பிரிச்சு வெச்சிருக்கோம் இல்லையா, டைட்டிலைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பிரிவு எப்பவுமே இருந்ததில்லை. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு அசையும்.

தமிழ்ல அனிமேஷன் டைட்டில்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒண்ணே ஒண்ணுதான். 1992ல சுரேஷ் கிருஷ்ணா எடுத்த 'அண்ணாமலை'. கறுப்புத் திரை, புள்ளி புள்ளியா மின்னி ஒவ்வொரு எழுத்தா விழற 'சூப்பர் ஸ்டார்', பின்னாடி தேவாவோட மியூசிக். முப்பது வருஷம் தாண்டியும் தியேட்டர்ல அதுக்கு விசில் பறக்குது. டெக்னிக்கலாப் பாத்தா அதுல பெரிய வித்தை ஒண்ணும் கிடையாது. அதுதான் அதோட பலம்னு நான் சொல்வேன். பின்னணி சுத்தக் கறுப்பு. எழுத்து மட்டும்தான் வெளிச்சம். கோடு விழுந்த பழைய பிரிண்ட்ல, மங்கின லாம்ப் போட்ட டூரிங் டாக்கீஸ்ல ஓட்டினாலும் பேரு தெரியும். ஒரு ஓரக்குறை: தமிழ்நாட்டோட ரொம்பப் பிரபலமான டைட்டில் அனிமேஷன் இங்கிலீஷ் எழுத்துல இருக்கு. அதைப் பத்திக் கொஞ்சம் கழிச்சுப் பேசலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம். இஞ்சினியரிங் படிக்கிறோம், ஒரு சமன்பாடு கூட இல்லாம கட்டுரை முடிஞ்சா நல்லா இருக்காது.

எழுத்தோட ஓரத்துல அசிங்கமா ஒரு கறுப்புக் கோடு வருதே, அது ஏன்? ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோட நாலாவதா ஆல்ஃபான்னு ஒரு எண் இருக்கு. அந்தப் பிக்சலை எழுத்து எவ்வளவு மூடுதுங்கிற அளவு அது. 1970களோட கடைசியில எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் கொண்டு வந்த யோசனை. 1984ல தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் அதை வெச்சு ஒரு முழுக் கணிதமே எழுதினாங்க. பின்னாடி இந்த நாலு பேருக்கும் ஆஸ்கர் கொடுக்கிற அகாடமியோட டெக்னிக்கல் விருது கிடைச்சது. நாலு பேருமே கம்ப்யூட்டர் ஆளுங்க, ஞாபகம் வெச்சுக்குங்க. அவங்க சொன்ன சூத்திரம் இவ்வளவுதான்: மேல இருக்கிறது + கீழ இருக்கிறது × (1 − ஆல்ஃபா). இதுல 'மேல இருக்கிறது' ஏற்கெனவே ஆல்ஃபாவால பெருக்கப்பட்டிருக்கணும். அதைத்தான் பிரீமல்டிப்ளைடுன்னு சொல்றாங்க.

டேம் மேல இருக்கிற வானத்துல ஒரு வெள்ளை எழுத்து வைக்கிறீங்க. எழுத்து 1.0, வானம் 0.6. எழுத்தோட ஓரத்துல ஒரு பிக்சல், பாதி மட்டும் மூடியிருக்கு, ஆல்ஃபா 0.5. சரியாச் சேத்தா 0.5 + 0.6 × 0.5 = 0.8. எழுத்துக்கும் வானத்துக்கும் நடுவுல ஒரு அளவு, கண்ணுக்கு மென்மையாத் தெரியும். ஆனா நீங்க ஏற்கெனவே பெருக்கின ஃபைலை, பெருக்காத ஃபைல்னு நினைச்சு சாஃப்ட்வேர் இன்னொரு தடவை பெருக்கிட்டா? 0.25 + 0.3 = 0.55. எழுத்தை விடவும் இருட்டு, வானத்தை விடவும் இருட்டு. அதுதான் அந்தக் கறுப்புக் கோடு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ஃபைலை உள்ள கொண்டு வரும்போது 'ஸ்ட்ரெய்ட்டா, பிரீமல்டிப்ளைடா'ன்னு ஒரு கேள்வி வரும். நாம படிக்காமலே ஓகே அமுக்கறது அங்கதான்.

கிரேடிங் பண்றப்ப இதே கதை வேற வேஷத்துல வரும். பெருக்கின எழுத்து லேயரோட நிழலை 'கொஞ்சம் தூக்கலாம்'னு லிஃப்டை ஏத்தறீங்க. எழுத்தே இல்லாத காலி இடத்துலயும் அந்த எண் கூடிடும். எழுத்தைச் சுத்தி மங்கலா ஒரு சாம்பல் பெட்டி. காமாவைத் தொட்டா ஓரம் மட்டும் தனியா வெளுத்து, ஈரச் சுவர் மாதிரி ஒரு படலம் வரும். வழி என்னன்னா, முதல்ல ஆல்ஃபாவால வகுத்துட்டு, நிறத்தை மாத்திட்டு, மறுபடியும் பெருக்கணும். ஃபியூஷன்ல கலர் கரெக்டர் நோடுல 'பிரீ-டிவைட் போஸ்ட்-மல்டிப்ளை'ன்னு ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டாப் போதும். இவ்வளவு தெரிஞ்சா உங்க டைட்டில்ல பாதி அழுக்கு போயிடும்.

அடுத்தது வெளிச்சக் கணக்கு. எழுத்து மெல்லத் தோன்றி மெல்ல மறையறதை எல்லாரும் பண்றோம். 8 பிட் படத்துல 0லிருந்து 255. கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதி 128ன்னு தோணும். ஆனா அந்த எண்கள் வெளிச்சத்தோட நேரடி அளவு கிடையாது. கண்ணுக்கு ஏத்த மாதிரி வளைச்சு வெச்ச அளவு. எஸ்ஆர்ஜிபி வளைவுல 128ங்கிறது உண்மையான வெளிச்சத்துல சுமார் 22 சதவீதம்தான். உண்மையிலேயே பாதி வெளிச்சம் வேணும்னா எண் 188. சிவப்பையும் பச்சையையும் பாதிப் பாதி கலந்து பாருங்க. வளைச்ச எண்கள்ல கலந்தா அழுக்கு ஆலிவ் நிறம் வரும். நேர் வெளிச்சத்துல, அதாவது லீனியர்ல கலந்தா நல்ல மஞ்சள். நியான் எழுத்தோட குளோ, தீப்பொறி, புகைக்குள்ள வர்ற ஒளிக்கதிர் எல்லாமே வெளிச்சத்தோட வெளிச்சம் சேர்ற விஷயம். லீனியர்ல சேத்தா நிஜ விளக்கு மாதிரி இருக்கும். இல்லைன்னா சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும். பிளெண்டர்ல இது தானாவே லீனியர்ல நடக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல புராஜெக்ட் செட்டிங்ஸ்ல போய் நாமதான் மாத்தணும். அங்கயே 8 பிட்டை 16 ஆக்கிடுங்க. கறுப்புல இருந்து கருநீலத்துக்குப் போற பின்னணியில வரி வரியா படிக்கட்டு தெரியுதே, அது 256 படிகள் பத்தாததால வர்றது. கொஞ்சூண்டு கிரெய்ன் தூவினாலும் மறைஞ்சிடும். அந்தக் கால ஆளுங்க ஒழிக்கப் பாத்த கிரெய்னை நாம காசு கொடுத்து வாங்கிப் போடறோம், என்ன செய்ய.

இப்ப நியான் நீலத்துக்கு வர்றேன். இந்த நீலத்து மேல எனக்குத் தனிப்பட்ட பகையே உண்டு. வெப்சைட் பண்றவங்க எழுத்து படிக்க முடியுமான்னு பாக்க ஒரு கான்ட்ராஸ்ட் விகிதம் வெச்சிருக்காங்க. சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருந்தாகணும். கறுப்பு மேல வெள்ளை 21. கறுப்பு மேல மஞ்சள் 19க்கும் மேல. கறுப்பு மேல சுத்தச் சிவப்பு 5.25. சுத்த நீலம்? 2.44. லேப்டாப்லயே ஃபெயில். இனி செமினார் ஹாலுக்கு வாங்க. ஜன்னல் ஸ்க்ரீன் சரியா மூடாது, பின்னாடி ரெண்டு டியூப் லைட் எரியும். திரையோட கறுப்பு அங்க கறுப்பே கிடையாது, சாம்பல். அந்த வெளிச்சம் திரையோட முழு வெள்ளையில பத்துல ஒரு பங்குன்னு வெச்சுக் கணக்குப் போட்டா மஞ்சள் 7க்கு இறங்கும். நீலம் 1.5க்கு வந்துடும். அதாவது சுவரும் எழுத்தும் ஒண்ணு. பஸ்ல ஊர்ப் பேரு எழுதற பெயின்டருக்கு இந்த விகிதம் எல்லாம் தெரியாது. ஆனா தூரத்துல வர்ற பஸ்ஸை ஊர்ப் பேரு படிச்சுத்தான் நாம எல்லாம் கை காட்டி நிறுத்தறோம்.

சரி, தமிழ் எழுத்து. இது மட்டும் தனி வேதனை. 'மேட்டூர்'னு டைப்ரைட்டர் எஃபெக்ட்ல வரவெச்சுப் பாருங்க. நம்ம கண்ணுக்கு மே, ட், டூ, ர் என நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்கு எட்டு. ம தனி, ஏகாரக் கொம்பு தனி, ட தனி, புள்ளி தனி, இப்படி. சாஃப்ட்வேர் எட்டையும் ஒண்ணொண்ணா விட்டா, முதல்ல 'ம' வரும், அப்புறம் கொம்பு முன்னாடி வந்து முட்டி 'ம'வை வலது பக்கம் தள்ளும், அடுத்து 'மேட', அதுக்கும் அப்புறம்தான் தலையில புள்ளி. திக்குவாய்க்காரன் பேசற மாதிரி ஊர்ப் பேரு வரும். சில 3டி சாஃப்ட்வேர்ல இன்னும் மோசம். கொம்பு முன்னாடியே வராம பின்னாடி நின்னுக்கிட்டு இருக்கும். இதுக்குப் பயந்துதான் நம்ம பசங்க "இங்கிலீஷ்லயே போட்டுடுடா"ன்னு முடிச்சுடறாங்க. வேண்டாம். இங்க்ஸ்கேப்ல தமிழ் ஒழுங்கா உக்காரும். அங்க தட்டி, பாத்தா மாத்தி, எஸ்விஜியா எடுத்துட்டு வந்து, கண்ணுக்குத் தெரியற எழுத்து வாரியா நாலு துண்டாப் பிரிச்சு அனிமேட் பண்ணுங்க. கூட அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

குளோ, பிளர் போடறப்பவும் தமிழுக்குத் தனிக் கவனம் வேணும். இங்கிலீஷ் எழுத்து ஒளிவட்டத்துல கொஞ்சம் கரைஞ்சாலும் அடையாளம் தெரியும். நமக்கு ஒரு புள்ளி போனா பேரே மாறிடும். றெண்டு சுழி ன, மூணு சுழி ண ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி. குளோ ஏறினா சுழிக்கு நடுவுல இருக்கிற ஓட்டை அடைச்சிக்கும். கான்ட்ராஸ்டை நசுக்கினா மெல்லிய கோடு போயிடும், புள்ளி போயிடும். அதனால எழுத்து லேயரை அப்படியே சுத்தமா மேல வெச்சுட்டு, அதோட காப்பி ஒண்ணை மங்கலாக்கி அடியில வைங்க. மொத்த படத்துக்கும் போடற அந்த லட்டை எழுத்துக்குக் கீழ போடுங்க. எழுத்துக்குத் தனியா, லேசா ஒரு கிரேடு போதும். ரெண்டும் ஒட்டாம தனித்தனியாத் தெரிஞ்சா, கடைசியில ரெண்டுக்கும் சேத்து ஒரே கிரெய்னைத் தூவுங்க, ஒட்டிக்கும்.

போகிற போக்குல ஒண்ணு. ஐம்பதுகள்ல நடக்கிற கதைன்னா எழுத்தும் அந்தக் காலத்து எழுத்தா இருக்கலாமே. 1978ல எம்.ஜி.ஆர் ஆட்சியில எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி ணா, றா, னா, லை, னை மாதிரி 13 எழுத்துக்கு வேற வடிவம் இருந்தது. 'யானை'யில னைக்கு மேல தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. செபியா டோன் போட்டா மட்டும் பழசாகிடாது. செபியாவுக்குள்ள புது 'லை' இருந்தா எங்க தாத்தாவே கண்டுபிடிச்சிடுவார்.

நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பச்சை-நீலமும் ஆரஞ்சும் ஏன் ஹாலிவுட்ல ஓடுதுன்னா, மனுஷத் தோல் ஆரஞ்சுப் பக்கம், அதுக்கு நேர் எதிர் நிறம் பச்சை-நீலம், அதனால முகம் தனியா எழும்பி நிக்கும். தோல் கறுப்பா இருந்தாலும் வெளுப்பா இருந்தாலும் வெக்டர்ஸ்கோப்ல கிட்டத்தட்ட ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். ஆக, அதுல தப்பில்லை. தப்பு என்னன்னா, அதை நம்ம ஊர் மேல கண்ணை மூடிக்கிட்டு ஊத்தறது. 16 கண் பாலத்துல தண்ணி விழற ஷாட்டை ஒரு குறும்பட டைட்டில்ல பாத்தேன். புது வெள்ளம், செம்மண் கலந்து காவி நிறத்துல வர்ற காவிரி. லட் போட்டு அதை நீச்சல் குளமா ஆக்கி வெச்சிருந்தாங்க. ஜூன் 12 எப்ப வரும், டேம் 120 அடியைத் தொடுமான்னு நம்ம ஊரும் டெல்டாவும் காத்துக்கிட்டு இருக்கிறது அந்தக் காவித் தண்ணிக்குத்தான். தண்ணி நல்லா இறங்கின வருஷம் பண்ணவாடியில நந்தி சிலை வெளிய வருமே, அப்ப வெடிச்ச வண்டலோட சாம்பல் நிறம், கருங்கல் சுவர், அனல் மின் நிலையப் புகைக்குப் பின்னாடி வெளிறின மத்தியான வானம். இவ்வளவு நிறம் இங்கயே கிடக்கு. 2000ல வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்துல ரோஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பியோட பச்சைக் காட்டை எல்லாம் காய்ஞ்ச மஞ்சளா மாத்தினார். படம் முழுக்க டிஜிட்டல்ல கிரேட் பண்ணினதுல அது முன்னோடி. 1930களோட பஞ்சமும் புழுதியும் கதைக்குத் தேவைப்பட்டது, மாத்தினார். கதை கேட்டா மேட்டூரையும் மாத்துங்க, நான் ஒண்ணும் சொல்லலை. கதை கேக்கணும்.

பேரு பேருன்னு ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேட்டா, 'லைஃப் ஆஃப் பை' கதையைச் சொல்வேன். அந்தப் படத்தோட டைட்டில் நமக்கு ரொம்ப நெருக்கம். புதுச்சேரி மிருகக்காட்சி சாலை, ஒவ்வொரு மிருகமா வருது, பின்னணியில பாம்பே ஜெயஸ்ரீ பாடற தமிழ்த் தாலாட்டு. அது ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. படத்துல வர்ற புலியைக் கம்ப்யூட்டர்ல உருவாக்கின ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனிக்கு மும்பையிலயும் ஹைதராபாத்லயும் ஸ்டுடியோ இருந்தது. 2013 பிப்ரவரியில அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. அதே மாசம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் அந்தப் படத்துக்கே கிடைச்சது. மேடையில அந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்ச சூப்பர்வைசர் பில் வெஸ்டன்ஹோஃபர் பேச்சை, 'ஜாஸ்' படத்தோட சுறா மியூசிக்கைப் போட்டு முடிச்சு வெச்சாங்க. வெளிய கலைஞர்கள் போராட்டம். ஃபேஸ்புக்ல தங்களோட படத்தை எடுத்துட்டு வெறும் பச்சைச் சதுரம் வெச்சாங்க. நாங்க இல்லைன்னா நீங்க பாக்கிறது வெறும் கிரீன் ஸ்கிரீன்தான்னு அர்த்தம். நம்ம சீனியர்கள்ல சிலர் போய்ச் சேர்ற துறை இதுதான். அங்க ராத்திரி பகலா உழைச்சாலும் கடைசியில ஓடற பட்டியல்ல எல்லார் பேரும் வராது, இடம் இல்லைன்னு சொல்லிடுவாங்க. நம்ம குறும்படத்துல இருக்கிறதே பதினஞ்சு பேர். நமக்கு இடம் இல்லைன்னு சொல்ல என்ன காரணம் இருக்கு?

சாஃப்ட்வேர் காசும் காரணம் ஆகாது. பிளெண்டர் 2002ல இருந்து இலவசம். டாவின்சி ரிசால்வோட இலவச வெர்ஷன்லயே கிரேடிங்கும் ஃபியூஷனும் சேர்ந்து வருது. மெஷின் தாங்காதுன்னா நேட்ரான் இருக்கு, இங்க்ஸ்கேப் இருக்கு.

எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முந்தின நாள் செமினார் ஹால் சாவியைக் கேட்டு வாங்குங்க. டியூப் லைட்டை அணைக்காம டைட்டிலை மட்டும் ஓட்டுங்க. டீம்ல இல்லாத ஒரு ஃபிரெண்டைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சு ஒவ்வொரு பேரையும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. ஒரு பேரை ரெண்டு தடவை வாசிக்க நேரம் இருக்கணும், அதுதான் அளவு. தமிழ்ப் பேரு நீளமா இருக்கும், இனிஷியலும் சேர்த்தா இன்னும் ஒரு செகண்ட் கூடக் கொடுங்க. அவர் எங்க தடுமாறறாரோ அங்க குளோவைக் குறைங்க, பின்னணியை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்க. அப்புறம் அந்தப் பட்டியலை டீம் குரூப்ல போட்டு, அவங்கவங்க பேரை அவங்கவங்களே ஒருதடவை சரிபாக்கச் சொல்லுங்க. சண்முகத்துக்கு மூணு சுழி ண.